கீழே தலைநகரம், மேலே நாடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, தென்னைக்குத் தண்ணீர் பாய்கிற வரைக்கும் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். சூரிக்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். செங்குத்தான பாறைமேல் பழைய கோட்டை ஒன்று. அதன் காலடியில் நாலைந்து தெரு. பின்னால் நீலம் பூத்த மலை.

"மாமா, இது எந்த ஊருன்னு சொல்லுங்க பாப்போம்?"

"நம்ம ஊர்ப் பரமசிவன் மலைக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு" என்று பதில் போட்டேன்.

"இது ஒரு நாட்டோட தலைநகரம். வாடூஸ். இங்க உள்ளவங்க ஃபதூட்ஸ்னு சொல்றாங்க. மொத்தமே ஆறாயிரம் பேருதான். நம்ம போடியில மூணு வார்ட வெட்டி எடுத்தா இந்த ஊரு முடிஞ்சது."

நாட்டின் பெயர் லீக்டன்ஸ்டைன். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் 160 சதுர கிலோமீட்டர். மொத்த ஜனத்தொகை 40 ஆயிரம் சொச்சம். 2011 கணக்குப்படி, போடி என்கிற எங்கள் போடிநாயக்கனூர் நகராட்சியில் மட்டும் 75 ஆயிரம் பேருக்குமேல் இருந்தோம். ஒரு முழு நாட்டைத் தூக்கி போடிக்குள் வைத்தாலும் பாதி ஊர் மிச்சம் கிடக்கும். இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அவர்களுக்குத் தலைநகரம் இருக்கிறது, கொடி இருக்கிறது, தபால்தலை இருக்கிறது. நமக்கு என்ன குறை?

தபால்தலை என்றதும் ஞாபகம் வருகிறது. நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் வகுப்பில் தபால்தலை சேர்க்கிற பைத்தியம் ஒன்று பரவியது. அப்போது என் நோட்டில் லீக்டன்ஸ்டைன் தலை ஒன்று இருந்தது. அது ஒரு கம்பெனியின் பெயர் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். 1912-லிருந்து தலை அச்சடிக்கிறார்கள் என்றும், ஒரு காலத்தில் அந்த நாட்டின் பெரிய வருமானங்களில் அதுவும் ஒன்று என்றும் இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து வாடூஸ் பற்றித் தேடிப் படித்தேன். சுவாரசியமான ஊர்தான். லீக்டன்ஸ்டைன் என்பது வியன்னாவில் இருந்த ஒரு பிரபு குடும்பத்தின் பெயர். பணம், செல்வாக்கு எல்லாம் இருந்தும், அங்கிருந்து ஆண்ட பேரரசரின் சபையில் உட்கார ஒரு நாற்காலி இல்லை. நாற்காலி வேண்டுமென்றால் பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நிலம் கையில் இருக்க வேண்டும். விலைக்கு வந்ததை வாங்கினார்கள். 1699-ல் ஒரு துண்டு, 1712-ல் வாடூஸ். 1719-ல் இரண்டையும் சேர்த்துத் தனி நாடாக அறிவித்தாயிற்று. நாட்டுக்குத் தங்கள் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். வேடிக்கை அதற்கப்புறம்தான். வாங்கின நாட்டை ஆளுகிற இளவரசர் ஒருவர் முதன்முதலாக நேரில் வந்து பார்த்தது 1842-ல். குடும்பம் அங்கே நிரந்தரமாகக் குடிவந்தது 1938-ல். இருநூறு வருஷத்துக்குமேல் ராஜா இல்லாத தலைநகரமாகவே அந்த ஊர் இருந்திருக்கிறது.

எங்கள் கதை இதற்கு நேர் தலைகீழ்.

போடிநாயக்கனூர் ஒரு பாளையத்தின் தலைநகரம். மதுரையில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் வகுத்த 72 பாளையங்களில் இதுவும் ஒன்று. தெலுங்கு பேசும் ராஜகம்பள நாயக்கர் குடும்பம். அந்தக் குடும்பத்து போடி நாயக்கர் பெயரில்தான் ஊரே இருக்கிறது. ஆக, ஆளுகிறவர் பெயரை மண்ணுக்கு வைப்பதில் லீக்டன்ஸ்டைன்காரர்களுக்கு நாங்கள் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை. திண்டுக்கல் சீமைக்கு உட்பட்ட பாளையம் என்பதால் மைசூர்க்காரர்கள் கை, பிறகு கும்பெனி கை என்று மாறி மாறிப் போயிற்று. 1792-ல் திப்பு சுல்தானோடு போட்ட ஒப்பந்தத்தில் திண்டுக்கல் சீமை கும்பெனிக்கு வந்தது. அதன்பின் பாளையக்காரர், ஜமீன்தார் ஆனார். வாள் போய் கிஸ்தி வந்தது.

லீக்டன்ஸ்டைன் குடும்பத்தார் நாற்காலிக்காக நிலம் வாங்கினார்கள். இங்கே நாற்காலியும் ஆளும் அரண்மனையும் இருக்க, 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிலத்தைக் கழற்றிக்கொண்டு போயிற்று. அரண்மனை மட்டும் ஊருக்கு நடுவில் நிற்கிறது. உள்ளே லட்சுமி விலாசம் என்ற கூடத்தில் சுவர் முழுக்க ராமாயண ஓவியம். சின்ன வயதில் ஒரு கல்யாணத்துக்கு வந்த சமயம், அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் தயவில் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன். மங்கின சிவப்பும் பச்சையும்தான் நினைவில் இருக்கிறது. ராமர் யார், லட்சுமணர் யார் என்று அப்பா காட்டிக்கொண்டே வந்தார். எனக்கு வானரங்கள் மேல்தான் கண். எங்கள் மலையடிவாரக் குரங்கணியில் பார்க்கிற குரங்குகள் மாதிரியே இருந்தன.

சரி, ஜமீன் போயிற்று. ஆனால் ஊர் தலைநகரமாகவே இருந்துகொண்டது. அது எப்படி?

ராசிங்காபுரத்தில் வளர்ந்தவனுக்கு இதற்குப் பதில் விடிகாலை நாலரை மணிக்குத் தெரியும். போடியிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில், சிலமலையைத் தாண்டினால் எங்கள் ஊர். அந்த நேரத்துக்கு டீக்கடை வாசலில் ஜீப் நிற்கும். தலையில் துண்டு, தோளில் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் சாக்குப் பை, கையில் தூக்குவாளி. பத்துப் பேர் ஏறவேண்டிய வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ண எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. எங்கள் அப்பத்தா போயிருக்கிறார், அம்மா போயிருக்கிறார், அக்காவும் இரண்டு வருஷம் போனாள். அவள் மகன்தான் இப்போது சூரிக்கிலிருந்து படம் அனுப்புகிறான். வண்டி முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு சுற்றி, போடிமெட்டு செக்போஸ்ட்டைக் கடந்தால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஆளுக்கொரு தோட்டம். சாயங்காலம் அதே வண்டி, அதே வளைவு.

"எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டால் யாரும் கேரளாவுக்கு என்று சொல்லமாட்டார்கள். "மலைக்கு" என்பார்கள். அவ்வளவுதான்.

ஏலக்காய் எடுக்கிற வேலையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மிளகாய், கத்தரி மாதிரி நின்றுகொண்டு பறிக்கிற காய் இல்லை. செடி ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்தாலும் காய் பிடிப்பது அடியில், தரையோடு ஓடுகிற சரத்தில். குத்தவைத்து, தவழ்ந்து, சரத்தை லேசாக ஒதுக்கி, முற்றின காயை மட்டும் திருகாமல் கிள்ளி எடுக்க வேண்டும். பூவும் பிஞ்சும் அதே சரத்தில் இருக்கும். விரல் தப்பினால் அடுத்த மகசூல் போச்சு. மழை, அட்டை, சறுக்கல். எடுத்த செடிக்கு ஒன்றரை மாதம் கழித்து மறுபடி வரவேண்டும். அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் சேலை மடிப்பில் அட்டை இருக்கிறதா என்று உதறுவார். அப்புறம்தான் தண்ணீர்.

பச்சைக் காய் அன்றைக்கே ஸ்டோருக்குப் போகும். ஸ்டோர் என்றால் கடை இல்லை, காய் உலர்த்துகிற சூட்டுக் கட்டடம். சூடு அதிகமானால் காய் வெடிக்கும், குறைந்தால் பச்சை நிறம் போய்விடும். ராத்திரி முழுக்க ஒருவர் கண்விழித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அஞ்சு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகும். அந்த ஒரு கிலோ எங்கே வரும்? கீழே வரும். போடிக்கு வரும்.

போடியின் சாம்ராஜ்யம் இதுதான். தோட்டம் அந்த மாநிலத்தில், மழை அந்த மாநிலத்தில், பட்டா, வனத்துறைத் தகராறு எல்லாம் அந்த மாநிலத்தில். தோட்டக்காரரில் பல பேருக்கு வீடு இங்கே. கூலி ஆள் இங்கே. கடை, குடோன், கமிஷன், வட்டி, காய் பொறுக்குகிற பெண்கள், சலிக்கிற சல்லடை எல்லாம் இங்கே. பிள்ளைகளுக்குக் கல்லூரி வேண்டும் என்றபோது ஏலக்காய் விவசாயிகள் சங்கமே ஒரு கல்லூரி கட்டியது. அதில்தான் நான் பி.காம். படித்தேன். ஒரு வாசனைப் பொருளின் பெயரில் கல்லூரி வைத்திருக்கிற ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்?

வாடூஸ் பற்றிப் படிக்கையில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். லீக்டன்ஸ்டைனில் வேலை பார்க்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த நாட்டில் குடியிருக்கவில்லையாம். தினமும் காலையில் சுவிட்சர்லாந்திலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் எல்லை தாண்டி வருகிறார்கள், சாயங்காலம் திரும்புகிறார்கள். அங்கே எல்லை தாண்டித் தலைநகரப் பக்கம் வருகிறார்கள். இங்கே தலைநகரப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிப் போகிறார்கள். மருமகனிடம் சொன்னேன். அவன் ரைன் ஆற்றின்மேல் 1901-ல் கட்டின மூடு மரப்பாலத்தின் படத்தை அனுப்பினான். "நடுப் பாலத்துல கோடு போட்டிருக்கான் மாமா. ஒரு கால் அந்த நாட்டுல, ஒரு கால் இந்த நாட்டுல. ஒரு போலீஸ் இல்ல, ஒரு செக்போஸ்ட் இல்ல."

போடிமெட்டில் ஒரு நாட்டுக்குள்ளேயே இரண்டு செக்போஸ்ட் இருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது அந்தக் கம்பை இறக்கினார்கள். அதுவரை அது ஒரு எல்லை என்பதே எங்கள் ஜனத்துக்கு உறைத்ததில்லை. மேலே காய் முற்றிக்கொண்டிருந்தது, கீழே கூலி இல்லாமல் சனம் உட்கார்ந்திருந்தது. பாஸ் வேண்டும், சர்டிபிகேட் வேண்டும் என்று எத்தனை அலைச்சல்! தோட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் சிலர் காட்டு வழியே இறங்கி வந்தார்கள். ஏலமும் இரண்டு மாதம் நின்றுபோயிற்று.

அந்தக் கோடு 1956-ல் அழிந்திருக்கலாம். மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க மார்ஷல் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் போராடினார்கள். கன்னியாகுமரி வந்தது, செங்கோட்டை வந்தது, மலை வரவில்லை. அதற்கு முன்னும் அது திருவிதாங்கூர் மகாராஜாவின் மலைதான், எங்களுடையதாக இருந்து பறிபோனதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பேச்சை எடுத்தால் பங்காளித் தகராறில் பாகம் போன மாதிரிதான் பேசுவார்கள். எனக்கு இதில் அவ்வளவு வருத்தம் இல்லை. மலை இங்கே வந்திருந்தால் போடி ஒரு தாலுகா டவுனாக இருந்திருக்கும், அவ்வளவுதான். கோடு நடுவில் விழுந்ததால்தான் இரண்டு பக்கத்துக்கும் ஒரு சந்தை தேவைப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை டீக்கடையில் சொன்னால் அடி விழும்.

ஏலம் நடக்கிற இடத்துக்கு வருவோம். பி.காம். முடித்துவிட்டு பதினோரு வருஷம் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதினேன். சட்டை, தலைமுடி, பஸ் டிக்கெட், கணக்கு நோட்டு எல்லாம் ஏலக்காய் மணக்கும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரி, "பாயசத்தக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்பாள்.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது. ஏலக்காய் என்பதில் உள்ள ஏலம் நம்முடைய பழைய சொல். பொருளைக் கூவி விற்கிற ஏலம் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது, அவர்கள் வாயில் 'லெய்லாவ்'. மிளகும் ஏலமும் தேடிக் கப்பலில் வந்தவன், விற்கிற முறைக்கு ஒரு சொல்லையும் கரையில் இறக்கிவிட்டுப் போனான். இரண்டும் ஒரே ஒலியாகிப் போடியில் வந்து சேர்ந்துகொண்டன. இங்கே ஏலத்தை ஏலம் விடுகிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாயால் கூவுகிற ஏலம். 2007 வாக்கில் ஸ்பைசஸ் போர்டு அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. மலைமேல் புற்றடியிலும் இதே மாதிரி ஒரு மையம் இருக்கிறது. வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். லாட் நம்பர் போட்ட சாம்பிள் ஒவ்வொருவர் கைக்கும் வரும். எங்கள் முதலாளி பார்க்கிற விதமே தனி. ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் குலுக்கி, கட்டை விரலால் தள்ளிப் பார்ப்பார். எட்டு மில்லிக்கு மேலே இருக்கிற குண்டுக் காய் எத்தனை, வாய் பிளந்தது எத்தனை, நிறம் எப்படி. ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டுவார். உள்ளே அரிசி சத்தம் போட்டால் நன்றாக உலர்ந்திருக்கிறது. கடைசியாகத்தான் மூக்கு. இவ்வளவும் சில விநாடிகளில். திரையில் விலை ஏறிக்கொண்டிருக்கும், அவர் விரல் மட்டும் அசையும். ஒரு லாட்டுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. மேலே ஒரு குடும்பம் நாற்பது நாள் குனிந்து எடுத்த காய், கீழே மூச்சு விடுகிற நேரத்தில் கைமாறும்.

சாம்பிள் பற்றிச் சொல்லும்போது ஒரு பழைய எரிச்சல். என் சின்ன வயதில் அப்பா கொஞ்ச நாள் மேலே முக்கால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பார்த்தார். பத்து, பன்னிரண்டு கிலோ காயைச் சாக்கில் கட்டிப் போடிக்குக் கொண்டுவந்து ஒரு கடையில் போடுவோம். கடைக்காரர் சாம்பிள் என்று இரண்டு கை அள்ளுவார். விலை ஒத்துவராமல் சாக்கை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனால் அங்கேயும் இரண்டு கை. முதல் கடைக்கே திரும்பினால் மறுபடி இரண்டு கை. அப்பா ஒன்றும் பேசமாட்டார். "அவன் கை பெருசுடா" என்று மட்டும் பஸ்ஸில் சொல்வார். பின்னாளில் கணக்குப்பிள்ளையாக நானே அந்தப் பக்கம் உட்கார்ந்தபோது சாம்பிளை எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிற பழக்கத்தை எங்கள் கடையில் கொண்டுவரப் பார்த்தேன். மூன்று மாதம் நடந்தது.

விலை இருக்கிறதே, அது ராஜாவுக்கும் ராஜா. 2018 ஆகஸ்டில் கேரளா வெள்ளம். தோட்டம் அழுகியது. அடுத்த வருஷம் மழை தள்ளிப்போய்க் காய்ச்சல். வரத்து இல்லாமல் விலை ஏறிற்று. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த மாதம் போடியில் நகைக்கடைக்காரரும் பைக் ஷோரூம்காரரும் தூங்கியிருக்க மாட்டார்கள். கண்டவர்களெல்லாம் கடன் வாங்கி மேலே குத்தகை பிடித்தார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. உரத்துக்கும் மருந்துக்கும் கூலிக்கும் போனது போக ஒன்றும் மிஞ்சவில்லை. மருந்து அதிகம் என்று சவூதிக்காரர்கள் நம் காயைத் திருப்பி அனுப்பினதும் நடந்தது. அவர்கள் காப்பியில் ஏலக்காய் இல்லாமல் விருந்தாளியை உட்காரவைக்க மாட்டார்கள். அந்தக் குவளைக்காக நம்மோடு போட்டி போடுவது கௌதமாலா. 1914 வாக்கில் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோய் நட்ட செடி. இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாக ஏலக்காய் விளைவிக்கிற நாடு அது. அந்த ஜனம் அதைத் தொட்டும் பார்ப்பதில்லை, விளைவதெல்லாம் ஏற்றுமதிக்கு. போடியில் சாதாரணத் தோட்டக்காரருக்குக்கூட கௌதமாலாவில் இந்த வருஷம் மழை எப்படி என்று தெரியும். உலக வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

தலைநகரம் என்றால் அரசியல் இல்லாமலா? 1989-ல் ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்றதும் ஜெயித்ததும் போடியில்தான். சுவரெல்லாம் சேவல் சின்னம். சேவலின் கொண்டையை மட்டும் எங்கள் தெருப் பையன்கள் செங்கல்லால் தேய்த்துச் சிவப்பாக்குவார்கள். அந்தத் தேர்தலில் ஜெயித்துப் போய்த்தான் அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். பிறகு 2011-ல் ஓ. பன்னீர்செல்வம் போடி எம்.எல்.ஏ. ஆனார். அப்படி இருக்கும்போதே இரண்டு தடவை முதலமைச்சர் நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்தார். முதலமைச்சர் தொகுதி என்று சொல்லிக்கொள்கிற பெருமையை அனுபவித்தோம். ரயில் அப்போதும் வரவில்லை.

ரயில் விஷயத்தில்தான் நானும் மருமகனும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். வாடூஸில் ரயில் நிலையம் கிடையாது. பக்கத்து ஊரில் போய்த்தான் ஏறவேண்டும். நாட்டில் விமான நிலையமும் கிடையாது. எங்களுக்கு ரயில் வந்த கதை பெரிய கதை. மூணாறு தேயிலையை வெளியே கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் மலைமேலேயே 1908-ல் ஒரு குட்டி ரயில் விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே. தேயிலைப் பெட்டி ஆகாயத்தில் தொங்கிக்கொண்டே இறங்கும். கீழே மாட்டு வண்டியில் போடி, அப்புறம் தூத்துக்குடி, அப்புறம் லண்டன். எங்கள் தாத்தா தலைமுறையில் இந்த வண்டி ஓட்டினவர்கள் உண்டு. 1924 வெள்ளம் மேலே இருந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மதுரையிலிருந்து போடிக்குக் கீழ் ரயில் வந்தது 1928-ல். மேலிருந்து ஒன்று போன பிறகுதான் கீழிருந்து ஒன்று வந்திருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. யுத்த காலத்தில் இரும்பு வேண்டும் என்று கீழ்த் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள், 1950-களில் திரும்பப் போட்டார்கள்.

நாங்கள் ஏறினது அந்த மீட்டர் கேஜ் வண்டியில். ஆண்டிபட்டிக் கணவாயில் அது ஏறுகிற லட்சணத்தைப் பார்த்தால் இறங்கித் தள்ளலாமா என்று தோன்றும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் இலவம்பஞ்சு மூட்டை வாசனையும் ஏலக்காய் வாசனையும் சேர்ந்து அடிக்கும். அகலப் பாதை போடுகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். நிறுத்தினது நிறுத்தினதுதான். என் மகள் முதல் வகுப்பில் சேர்ந்து, பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரிக்கும் போய்விட்டாள். 2022 மே மாதம் தேனி வரைக்கும் வந்தது. 2023 ஜூன் 15-ந் தேதி போடி வந்து சேர்ந்தது. சென்னைக்கே நேர் வண்டி. அன்றைக்கு நானும் போனேன். ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் இன்ஜினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இன்னொரு விஷயமும் எங்கள் மலையில் கிடப்பில் கிடக்கிறது. ராசிங்காபுரத்துக்குப் பக்கத்தில் பொட்டிப்புரம். அங்கே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015-ல் மத்திய அரசு 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பு, வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம் என்று அங்கேயே நிற்கிறது. விஞ்ஞானிகள் ஊர் ஊராக வந்து விளக்கம் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் கேட்டது ஒரே கேள்வி: "குடையுற கல்ல எங்க கொட்டுவீங்க?" மருமகன் சொல்கிறான், ஜெனீவாப் பக்கத்தில் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வட்டமாகக் குடைந்து வைத்திருக்கிறார்களாம். பெரும்பகுதி பிரான்சு, மீதி சுவிஸ். துகளுக்கு எல்லை தெரியாது மாமா என்றான். ஜீப்பில் போகிற நம்ம சனத்துக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு, கம்பை இறக்குற வரைக்கும் என்றேன்.

ஆகஸ்டு 15 அவர்களுக்கும் தேசிய தினமாம். அன்றைக்கு இளவரசர் கோட்டைத் தோட்டத்துக்குள் ஜனங்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பாராம், நாட்டில் உள்ள யாரும் போகலாம், குடிக்க பீர் உண்டு. மருமகன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான். நம் போடியில் அன்றைக்கு டாஸ்மாக் லீவு என்று ஞாபகப்படுத்தினேன்.

இவ்வளவு பேசியும் அவன் கடைசியில் கேட்டது ஒரு கால் கிலோ ஏலக்காய். "இங்க சூப்பர் மார்க்கெட்டுல குட்டி பாட்டில்ல வச்சிருக்கான் மாமா. பின்னாடி கௌதமாலான்னு போட்டிருக்கு. டீயில போட்டா வாசனையே வரல. அம்மாச்சி பொறுக்கித் தர்ற காய் அனுப்புங்க."

அம்மாச்சி என்றது என் அம்மாவை. எழுபதைத் தாண்டியாயிற்று, மலைக்குப் போவதை விட்டுப் பல வருஷம். ஆனால் முறத்தில் காயைக் கொட்டினால் விரல் தானாக நடக்கும். கண் டி.வி. சீரியலில் இருக்கும், விரல் வெடித்த காயை ஒரு பக்கமும் சுருங்கினதை ஒரு பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும். கடையில் வாங்கின நல்ல காய்தான். அதிலேயே அரைப் பங்கைக் கழித்துவிட்டார். "பிள்ள வெளிநாட்டுல இருக்கான், பேருக்குப் பாத்தியா அனுப்ப முடியும்?"

கூரியர் ஆபீஸில் பெண் ஒருத்தி ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே என்ன என்று கேட்டாள். ஏலக்காய் என்றேன். விளைந்த இடம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"போடின்னு போடுங்க" என்றேன்.

"போடியில ஏதுண்ணே ஏலக்காய்? கேரளாதானே" என்று சிரித்துக்கொண்டே எழுதினாள்.